மவுண்ட் ரோடு மருந்தும் சிங்கர் மிஷினும்

'பேடண்ட் மருந்து' என்று இப்போது யாரும் சொல்வதில்லை. என் அப்பா காலம் வரை அந்தச் சொல் புழக்கத்தில் இருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்து, கம்பவுண்டர் கலக்கி, புட்டியின் பக்கவாட்டில் வெட்டுக்காகிதம் ஒட்டி வேளைக்கு இவ்வளவு என்று காட்டித் தருவது 'மிக்ஸ்சர்'. சீமையிலிருந்து அச்சடித்த உறையோடு, மூடி முத்திரையிட்டு வருவது 'பேடண்ட்'. முன்னதைவிடப் பின்னதற்கு வீட்டில் மரியாதை அதிகம்.

ஆனால் அந்தப் பெயரே ஒரு பொய். பேடண்ட் என்றால் என்ன? ஒருவன் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறான். அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் படம் போட்டு விளக்கி அரசாங்கத்திடம் எழுதிக் கொடுக்கிறான். பதிலுக்கு அரசாங்கம், குறிப்பிட்ட காலத்துக்கு (அந்தக் காலத்தில் 14 வருஷம்) வேறு யாரும் அதைச் செய்யக்கூடாது என்று அவனுக்கு உரிமை தருகிறது. கெடு முடிந்தால் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அதாவது, ரகசியத்தைத் திறந்து காட்டியவனுக்குக் கிடைக்கும் பரிசுதான் பேடண்ட். நம் ஊருக்கு வந்து குவிந்த பேடண்ட் மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி எந்த உரிமையும் கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் இருப்பதுதான் அந்த வியாபாரத்தின் முதலீடே. பெயருக்கு மட்டும் டிரேட் மார்க் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அதே கப்பலில், அதே காலத்தில், உண்மையிலேயே பேடண்ட் வாங்கிய ஒரு சாமானும் வந்து இறங்கியது. தையல் மிஷின். இந்த இரண்டும் சென்னைப்பட்டணத்தில் எப்படி விலைபோயின என்பதைச் சேர்த்துப் பார்த்தால் நம் பாட்டன் பூட்டன் எதை நம்பினார்கள், எதைச் சோதித்து வாங்கினார்கள் என்பது கொஞ்சம் விளங்குகிறது. நான் சரித்திரப் பேராசிரியர் இல்லை. தபால் இலாகாவில் 38 வருஷம் வேலை பார்த்தவன். இந்தக் கதையில் தபாலுக்கும் பங்கு உண்டு என்பதால் எழுதும் தைரியம் வந்தது.

சென்னை, துணி வாங்கி ஏற்றுமதி செய்வதற்காக 1639ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் குடியேறிய இடம். நெய்த துணியைத் தேடி வந்த ஊரில் இரண்டரை நூற்றாண்டு கழித்து அவர்கள் நாட்டுச் சரக்கான மில் துணியும், அதைத் தைக்க மிஷினும் விற்பனைக்கு வந்தன என்பது ஒரு வேடிக்கை. துறைமுகம் கட்டும் வரை கப்பல்கள் தூரத்திலேயே நிற்கும். மசூலாப் படகுகள்தான் அலையில் ஏறி இறங்கிப் பெட்டிகளைக் கரை சேர்க்கும். கரைக்கு வந்த சரக்கு இரண்டாகப் பிரியும். வெள்ளைக்காரர்களுக்கும் அவர்களைப் போல வாழ வசதியிருந்தவர்களுக்கும் மவுண்ட் ரோடு. மற்றவர்களுக்குக் கறுப்பர் பட்டணம், அதாவது பிற்பாடு ஜார்ஜ் டவுன் ஆன பகுதி. அங்கே சைனா பஜார், பிராட்வே.

மவுண்ட் ரோட்டில் ஸ்பென்சர் கம்பெனி 1895ல் பெரிய கட்டிடம் எழுப்பியது. அதே சமயத்தில்தான் டபிள்யூ. இ. ஸ்மித் என்ற மருந்து வியாபாரக் கம்பெனி தன் மாளிகையைக் கட்டி 1897ல் முடித்தது. கோபுரமும் கூம்புமாகச் சிவப்பு நிறத்தில் நிற்கும் கார்டைல் கட்டிடம் அதுதான். பிறகு பாரத் இன்ஷூரன்ஸ் கட்டிடம் என்று பெயர் மாறி, இப்போது எல்.ஐ.சி. வசம் பாழடைந்து கிடக்கிறது. அந்த வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு வரும்: ஒரு மருந்துக்கடைக்கு இவ்வளவு பெரிய அரண்மனையா? மருந்து விற்ற காசில் இப்படி ஒன்றைக் கட்ட முடிந்திருக்கிறது என்றால் அதில் லாபம் எப்படி இருந்திருக்கும்!

அந்தக் கணக்கை இங்கிலாந்து டாக்டர்களே போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909ல் 'ரகசிய மருந்துகள்' என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு புத்தகம் வெளியிட்டது. பிரபலமான மருந்துகளை வாங்கி, ரசாயனப் பரிசோதனை செய்து, உள்ளே இருப்பது என்ன, அதன் அடக்கவிலை என்ன என்று பட்டியல் போட்டார்கள். அதில் பீச்சம்ஸ் மாத்திரையும் ஒன்று. 'பெட்டி ஒரு கினி பெறும்' என்பது அதன் விளம்பர வாசகம். கினி என்றால் 21 ஷில்லிங். விற்ற விலை ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னி. உள்ளே 56 மாத்திரை. பரிசோதித்ததில் கிடைத்தது கற்றாழைப்பால் கட்டி (நம் மூசாம்பரம்), சுக்கு, சோப்பு. மூலப்பொருளின் அடக்கவிலை சுமார் அரை ஃபார்த்திங். ஃபார்த்திங் என்பது கால் பென்னி. கணக்குப் போட்டுப் பாருங்கள், போட்ட காசுக்கு 108 மடங்கு விலை. மூசாம்பரத்தையும் சுக்கையும் நம் நாட்டு மருந்துக்கடையில் ஒரு தம்பிடிக்குப் பொட்டலம் கட்டி வாங்கக்கூடிய ஊரில், அதையே சீமைப் பெட்டியில் வாங்கிப் பேதிக்குச் சாப்பிட்டவர்களை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் எரிச்சலும் வருகிறது.

பீச்சம்ஸுக்கு முன்னோடி தாமஸ் ஹாலோவே. 1837ல் களிம்பு விற்கத் தொடங்கியவர். உலகத்தின் எந்த மூலையில் ஒரு பத்திரிகை நடந்தாலும் அதில் தன் விளம்பரம் வரவேண்டும் என்பது அவர் கொள்கை. உபயோகிக்கும் முறையை இந்திய மொழிகள் பலவற்றிலும் அச்சடித்து வைத்திருந்தார். சம்பாதித்ததில் லண்டனுக்குப் பக்கத்தில் பெண்களுக்கு ஒரு பெரிய கல்லூரி கட்டினார். 1886ல் விக்டோரியா ராணி வந்து திறந்து வைத்தார். ராயல் ஹாலோவே என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. நல்ல காரியம்தான். அதில் நம்மவர்கள் வயிற்றைக் கலக்கிய காசும் சில செங்கல் இருக்கும்.

ஆனால் எல்லா மருந்தும் சுக்கும் சோப்பும் போல அப்பாவி இல்லை. குளோரோடைன் என்று ஒன்று. இந்தியாவில் ராணுவ டாக்டராக இருந்த ஜான் காலிஸ் பிரவுன் என்பவர் காலராவுக்காகக் கலந்தது. பிறகு லண்டனில் டேவன்போர்ட் என்ற மருந்துக்காரருக்குச் செய்முறையை விற்றார். அபின் கலந்த சாராயம், கஞ்சாச் சாறு, குளோரோஃபார்ம் இந்த மூன்றும்தான் முக்கியச் சரக்கு. காலரா, பேதி, தலைவலி, தூக்கமின்மை, நரம்புவலி எல்லாவற்றுக்கும் கேட்கும் என்று விளம்பரம். கேட்காமல் என்ன செய்யும்? அபினும் கஞ்சாவும் குளோரோஃபார்மும் சேர்ந்து போனால் எந்த வலிதான் தெரியும்? இருமலும் அடங்கும், பேதியும் நிற்கும், குடித்தவனுக்கு மறுபடி குடிக்கவும் தோன்றும். இந்தியாவில் வெள்ளைக்காரர் வீட்டு மருந்துப் பெட்டியில் இது தவறாமல் இருந்தது. போலிகளும் வந்தன; யாருடையது அசல் என்று 1860களில் லண்டன் கோர்ட்டில் வழக்கே நடந்தது. வழக்கில் கிடைத்த தீர்ப்பையும் விளம்பரத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அந்த விளம்பரத்தில் ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும், தொழில் பாசத்தால். சர்க்கார் ஸ்டாம்பில் டாக்டரின் பெயரும் மருந்தின் பெயரும் அச்சாகியிருந்தால்தான் அசல் என்று எச்சரிக்கை செய்திருப்பார்கள். அது என்ன சர்க்கார் ஸ்டாம்பு? 1783லிருந்து 1941 வரை இங்கிலாந்தில் இப்படிப்பட்ட மருந்துகளுக்கு ஒரு வரி உண்டு. வரி கட்டியதற்கு அடையாளமாக உறைமேல் ஒரு வில்லை ஒட்ட வேண்டும். வரி ரசீதுக்கு மேல் அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. ஆனால் வாங்குகிறவன் கண்ணுக்கு அது அரசாங்கமே பரிசோதித்துச் சான்று கொடுத்த மாதிரி தெரிந்தது. கம்பெனிகளும் அப்படியே தெரியட்டும் என்று விட்டுவிட்டன. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த காலத்தில், முத்திரை குத்தியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, எழுதியிருப்பதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் அந்தக் கால மனிதர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இதில் நிஜமான நஷ்டம் காசு இல்லை. காலராவில் மனிதன் சாவது உடம்பிலிருக்கும் நீரும் உப்பும் வெளியேறிவிடுவதால். அபின் கொடுத்தால் பேதி குறைந்த மாதிரி இருக்கும். போன நீர் திரும்ப வராது. அந்தக் காலத்தில் நாட்டு வைத்தியம், சீமை வைத்தியம் இரண்டிலுமே பலர் 'பேதியை நிறுத்து' என்றுதான் நினைத்தார்கள். எங்கள் வீட்டிலேயே என் அப்பாவுக்கு மூத்த ஒரு பையன் நாலு வயதில் காலராவில் போனான். 'தண்ணி தண்ணின்னு கேட்டான்டா, குடுக்கக்கூடாதுன்னு எல்லாரும் சொன்னா, குடுக்கலை' என்று என் அத்தைப்பாட்டி, அப்பாவின் அத்தை, தன் எண்பதாவது வயதிலும் சொல்லி அழுவாள். குடம் நிறையத் தண்ணீரும், அடுக்களையில் உப்பும் வெல்லமும் இருந்த வீடு அது. உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த தண்ணீரே காலராவுக்கு மருந்து என்பது 1971ல் வங்காளதேச அகதிகள் முகாமில் உலகத்துக்கு நிரூபணமானது. டாக்டர் திலீப் மகலனபீஸ் பங்கான் முகாமில் டிரம் டிரம்மாகக் கரைத்து வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். 100க்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் 4 பேருக்கும் குறைவாக ஆனது. அதில் ரகசியம் எதுவும் இல்லை. செய்முறையை ஊருக்கெல்லாம் கற்றுக் கொடுத்தார்கள்.

இனி மிஷினுக்கு வருகிறேன்.

ஐசக் மெரிட் சிங்கர் 1851 ஆகஸ்டில் அமெரிக்காவில் பேடண்ட் வாங்கினார். (நம்மூரில் பிறகு 'மெரிட்' என்று ஒரு தையல் மிஷின் வந்ததே, அது இவரது நடுப்பெயர்தான்.) தையல் மிஷினை முதலில் கண்டுபிடித்தவர் அவர் அல்லர். எலியாஸ் ஹோவ் 1846லேயே பேடண்ட் வாங்கியிருந்தார்; இன்னும் பலரிடம் ஆளுக்கொரு துண்டு உரிமை இருந்தது. ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டு ஓய்ந்து, 1856ல் முக்கியமானவர்கள் கூட்டுச் சேர்ந்து உரிமைகளைப் பொதுவில் வைத்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டு 1877ல் முடிந்தது, ஏனென்றால் பேடண்ட் எல்லாம் காலாவதியாகிவிட்டது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றானது. ஜெர்மன்காரர்கள் புகுந்தார்கள், விலை இறங்கியது. பேடண்ட் என்பதற்கு இதுதான் சரியான அர்த்தம். மருந்துக்கு இப்படி ஒரு நாள் வரவே இல்லை, ஏனென்றால் காலாவதியாக அங்கே எதுவும் பதிவாகவில்லை.

சிங்கர் கம்பெனி இந்தியாவுக்கு 1870களில் வந்தது. அந்த நூற்றாண்டின் கடைசியில் பம்பாயிலிருந்து பட்டேல் என்ற பார்சிக்காரர் இந்தியா, பர்மா, இலங்கை மூன்றுக்கும் அவர்களது ஏஜெண்டாக இருந்து வியாபாரத்தை வளர்த்தார். சரக்கு பெரும்பாலும் ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரிலிருந்த தொழிற்சாலையிலிருந்து வந்தது. 1885ல் திறந்த தொழிற்சாலை. 1911ல் அங்கே ஒரு வேலைநிறுத்தம் நடந்தபோது 11,000 பேர் வெளியே வந்தார்கள் என்றால் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1913ல் அந்த ஒரு தொழிற்சாலையிலிருந்து மட்டும் வெளியே போனது 13 லட்சம் மிஷின்.

நம் ஊரில் அதை விற்பது முதலில் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். வேட்டிக்கும் புடவைக்கும் தையல் எதற்கு? வெள்ளைக்காரர் பங்களா வராந்தாவில் நாள்கூலிக்கு உட்கார்ந்து தைத்த தையற்காரர்கள், முஸ்லிம் வீடுகள், கிறிஸ்தவப் பள்ளிக்கூடங்கள், பட்டாளம், போலீஸ் ஆகியவைதான் முதல் வாடிக்கை. தெற்கே நாகர்கோவிலிலும் இடையன்குடியிலும் மிஷனரி வீட்டுப் பெண்கள் லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தது அதற்கும் முன்னால். அங்கெல்லாம் ஊசி பிடித்த கைகள் ஏற்கெனவே இருந்தன. பிறகு ரவிக்கை பரவியது. சட்டை பரவியது. பள்ளிக்கூடத்துப் பாவாடை சொக்காய் வந்தது. தையல் தேவைப்படாத உடம்பே இல்லை என்றாகிவிட்டது.

மிஷின் விற்ற விதம்தான் கவனிக்க வேண்டியது. ஆள் வீட்டுக்கு வந்து, துணியைப் போட்டுத் தைத்துக் காட்ட வேண்டும். வாங்குகிறவன் இழுத்துப் பார்ப்பான், பிரியவில்லை என்றால்தான் பேச்சு. மேல் நூல் ஒன்று, அடியில் ஷட்டிலில் ஒன்று. ஊசி இறங்கி ஏறும்போது மேல் நூல் ஒரு கண்ணியாக விரியும், அடி நூல் அதற்குள் புகுந்து இரண்டும் துணியின் நடுவில் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். தட்டை நகர்த்தினால் யாரும் பார்க்கலாம். படிக்காத தையற்காரர் அரைமணி பார்த்தால் புரிந்துகொள்வார். விலை முழுவதையும் ஒரேயடியாகக் கொடுக்க வேண்டியதில்லை. 1856லேயே அமெரிக்காவில் சிங்கர் தொடங்கிய தவணை முறை இங்கேயும் வந்தது. தைத்துச் சம்பாதித்து அதிலிருந்தே மாதத் தவணை கட்டலாம். தவணை தவறினால் மிஷினைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்பதும் உண்டு. மிஷின் கெட்டால் உதிரி கிடைக்கும். ஒன்றின் பாகம் அதே ரக இன்னொன்றுக்குப் பொருந்தும். சில வருஷங்களில் சைனா பஜார் பக்கத்திலேயே பிரித்துப் பூட்டத் தெரிந்த மிஸ்திரிகள் உருவாகிவிட்டார்கள். அவர்களுக்கு யாரும் கிளைட்பேங்கில் பாடம் நடத்தவில்லை. ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளே இருப்பது தெரிந்தது, அவ்வளவுதான்.

மேலே சொன்ன அத்தைப்பாட்டியிடம் ஒரு கை மிஷின் இருந்தது. பதினெட்டு வயதில் விதவையானவள். அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தவளுக்கு யாரோ ஊரை விட்டுப் போகும்போது விற்றதை என் தாத்தா வாங்கிக் கொடுத்திருக்கிறார். கறுப்பு உடம்பில் தங்க நிறத்தில் எகிப்து சிங்கப் படம். படகு வடிவ ஷட்டில். அதில் பொறித்த எண்ணுக்கு முன்னால் 'ஒய்' என்ற எழுத்து இருக்கும். அது கிளைட்பேங்கில் 1920களிலோ 30களின் தொடக்கத்திலோ செய்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வலது கையால் பிடியைச் சுற்றிக்கொண்டு இடது கையால் துணியைத் தள்ளுவாள். அக்ரகாரத்து ரவிக்கை முழுக்க அவள் கையில்தான். 'யார்கிட்டயும் கால் ரூபாய் கேக்காம ஜீவிச்சேன்' என்பாள். எங்கள் வீட்டில் அவளுக்கென்று ஒரு அதட்டல் இருந்தது. அந்த அதட்டல் மிஷின் வந்த பிறகு வந்தது என்று அப்பா சொல்வார்.

காந்தி இயந்திரங்களுக்கு விரோதி என்று சொல்பவர்கள், 1924ல் அவர் சிங்கர் தையல் மிஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்ததைப் படிக்க வேண்டும். உலகத்தில் செய்யப்பட்ட உருப்படியான சில கண்டுபிடிப்புகளில் அது ஒன்று என்று சொல்லி, மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து இரக்கப்பட்டு சிங்கர் அதைச் செய்தார் என்றும் சேர்த்துக்கொண்டார். அவருக்கு அந்தக் கதையை யார் சொன்னார்களோ! சிங்கர், பாஸ்டனில் ஒரு பட்டறைக்குப் பழுது பார்க்க வந்திருந்த மிஷினைப் பார்த்து, இதைவிட நன்றாகச் செய்யலாம் என்று இறங்கியவர். குடும்ப விஷயத்தில் அவர் பல வீடு வைத்திருந்து இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பெற்றவர். மகாத்மாவிடம் இதை யாரும் சொல்லாமல் விட்டது நல்லதுதான்.

மவுண்ட் ரோடு பட்டணத்துக்காரர்களுக்கு. பட்டுக்கோட்டைக்காரனுக்கு? அங்கேதான் தபால். வி.பி.பி. முறை 1877 டிசம்பரில் இந்தியாவில் தொடங்கியது (அதே 1877, கவனியுங்கள்). 1879ல் காலணா போஸ்ட் கார்டு. 1880ல் மணியார்டர். இந்த மூன்றும் சேர்ந்த பிறகு, காலணாச் செலவில் கார்டு எழுதிப் போட்டால் மருந்துப் புட்டி வீடு தேடி வரும். போஸ்ட்மேனிடம் காசைக் கொடுத்தால் அது மணியார்டராகக் கம்பெனிக்குப் போய்ச் சேரும். 'வி.பி.யில் அனுப்பப்படும்' என்ற வரி இல்லாத மருந்து விளம்பரத்தைப் பழைய பத்திரிகைகளில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வி.பி.யில் ஒரு விதி: பணம் கட்டிய பிறகுதான் பார்சலைப் பிரிக்கலாம். என் சர்வீஸில் இதற்காக எத்தனை சண்டை பார்த்திருக்கிறேன்! 'பிரிச்சுக் காட்டுங்க சார், அப்புறம் பணம் தரேன்' என்பார்கள். முடியாது என்போம். எழுபதுகளில் தாது புஷ்டி லேகியம் வரவழைத்த ஒரு பெரியவர், பார்சலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போய், ஒரு மாதம் கழித்து வந்து, 'இதைத் திருப்பி அனுப்பினா பணம் வருமா தம்பி?' என்று மெதுவாகக் கேட்டார். ஊசி, நூல், மிஷின் பெல்ட் எல்லாம்கூட வி.பி.யில் வந்ததுண்டு. அவற்றுக்கு யாரும் திரும்பி வந்து கேட்டதாக நினைவில்லை.

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893ல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் தொடங்கினார். சங்கீதக் கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார் என்பார்கள். நல்ல இடம் தேர்ந்தெடுத்தார், மூன்று மணிநேரக் கச்சேரி முடியும்போது தலைவலி உள்ளவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். அந்த வருமானத்தில் 'ஆந்திர பத்திரிகா' நடத்தினார். 1914ல் அது சென்னையில் தினசரியானது. மயிலாப்பூர் லஸ்ஸில் நாம் நடக்கப்போகும் நாகேஸ்வர ராவ் பார்க் அவர் பெயரில்தான். கே. என். கேசரி பெண்களுக்கான 'லோத்ரா' விற்று, 'கிருஹலக்ஷ்மி' என்ற தெலுங்கு மாதப் பத்திரிகை நடத்தினார். அவர் பெயரில் சென்னையில் பள்ளிக்கூடமும் இருக்கிறது. 1928ல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ். எஸ். வாசன் அதற்கு முன்னால் தபால் மூலம் சாமான் விற்றவர், விளம்பர ஏஜெண்ட். பத்திரிகையும் மருந்தும் தபாலும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்று பாருங்கள். சுதேசி மருந்தும் சீமை மருந்தின் வழியையே பிடித்துக்கொண்டது: படம், இலவச மாதிரி, காலண்டர், நற்சாட்சிக் கடிதம். ஆனாலும் தைலத்துக்கு நான் கொஞ்சம் சலுகை தருவேன். மேலே தடவுவது, எரிகிறதா, வலி விட்டதா என்று நமக்கே தெரிந்துவிடும்.

நற்சாட்சிக் கடிதம் என்றதும் கிரைப் வாட்டர் நினைவு வருகிறது. 1851ல் நாட்டிங்ஹாம் ஊரில் வில்லியம் வுட்வர்ட் செய்தது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, தண்ணீர், அந்தக் காலத்தில் கொஞ்சம் ஆல்கஹாலும். டி.டி.கே. கம்பெனி வழியாக நம் ஊரில் அது வீட்டுக்கு வீடு நுழைந்தது. தொலைக்காட்சியில் அதன் விளம்பரம் எல்லோருக்கும் தெரியும்: பிள்ளை அழுதால் அம்மா சொல்வாள், அவளுக்கு அவள் அம்மா சொன்னாள், அவளுக்கு அவள் அம்மா. பழைய நற்சாட்சிக் கடிதம் பாட்டி வடிவம் எடுத்ததுதான் அது. ஆல்கஹால் இருந்த நாளில் அதைக் குடித்து நன்றாகத் தூங்கிய பிள்ளைகளில் நானும் ஒருவன். என் அம்மாவுக்கு அது என்னவென்று தெரிய வழியே இல்லை.

தெரிய வழி செய்ய அரசாங்கத்துக்கு நெடுநாள் ஆனது. 1930ல் கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழு போட்டார்கள். ஊர் ஊராகப் போய்ப் போலி மருந்து, கலப்பட மருந்து, தரமில்லாத கொய்னா எல்லாவற்றையும் பதிவு செய்து அடுத்த வருஷம் அறிக்கை கொடுத்தது. சட்டம் வந்தது 1940ல். மருந்தில் என்ன இருக்கிறது என்பதை உறையில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு அதன் வழியாகத்தான் கிடைத்தது. சிங்கர் பேடண்டுக்காகப் படம் போட்டுக் கொடுத்து 89 வருஷம் கழித்து.

விளம்பரத்துக்குக் கடிவாளம் 1954ல் வந்த தனிச் சட்டம். இன்னின்ன நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரமே செய்யக்கூடாது என்று அதில் ஒரு அட்டவணை இருக்கிறது. நீரிழிவு அதில் உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை பேப்பரோடு செருகி வந்த நோட்டீஸில், 48 நாளில் சர்க்கரை அடியோடு போகும் என்று போட்டிருந்தது. நாலு பேர் படம், அவர்கள் சொன்னது, ஒரு செல்போன் நம்பர், 'கூரியரில் அனுப்பப்படும், பணம் கையில் கிடைத்ததும் தந்தால் போதும்'. பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். மருந்தில் என்ன இருக்கிறது என்று எங்கும் போடவில்லை.